பதினெட்டாம் அத்தியாயம் யாருக்கு வேண்டும்?

என்னை அழைத்து, அன்பால் அணைத்து, ஆளுயர மாலையும் சூட்டி அவைக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் பஞ்சலிங்கம் ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வெயில் தணியுமுன்னமே வந்து வீற்றிருக்கும் நீர்வேலித் தாய்மாரே! கைப்பேசியும் கனிவுமாய் அமர்ந்திருக்கும் இளையோரே! எல்லோருக்கும் இந்த இராசமலரின் வணக்கம்.

பொன்னாடை தோளில் கனக்கிறது. நெஞ்சு அதைவிடக் கனக்கிறது. ஏற்புரை என்றால் இனிக்க இனிக்கப் பேசவேண்டும். எனக்கு இன்று வரவில்லை, மன்னியுங்கள்.

எனக்கு முன் மூவர் பேசினார்கள். மூவரும் என் நாவலின் முடிவைப் புகழ்ந்தார்கள். காங்கேசன்துறையில் இந்தியக் கப்பல் வந்து நிற்கிறது, புருசனைத் தேடி நல்லம்மா நிற்கிறாள், வந்தானா, வரவில்லையா? "சொல்லாமல் விட்டதுதானே அழகு!" என்றார் செல்வநாயகம் மாஸ்டர். நீங்களும் கை தட்டினீர்கள். அன்பர்களே, அது முடிவே அல்ல! அது பதினேழாம் அத்தியாயம். பதினெட்டு இருக்கிறது!

சிரிக்காதேங்கோ, நடந்ததைச் சொல்கிறேன். கடைசி அத்தியாயம் எழுதுமுன்னமே, அணிந்துரை கேட்டுப் பதினேழு அத்தியாயங்களையும் ஐயாவுக்கு அனுப்பினேன். ஐயாவுக்கோ பூரிப்பு. "எங்கடை பிள்ளை எழுதினது, எங்கடை சனம் வாசிக்கட்டும்" என்று வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அங்கிருந்து கொழும்பு, இலண்டன், கனடா! தலையைக் குனியாதேங்கோ ஐயா, அன்பாலே செய்ததென்று எனக்குத் தெரியும். ஆனால், முழு நாவலையும் மின்னூலாக்கி முந்நூறு ரூபாய்க்கு வைத்தேனே, வாங்கியவர் எத்தனை பேர்? ஆயிரமா? நூறா? ஏழு பேர், அம்மாமாரே, ஏழே ஏழு பேர்!

என்ன தம்பி? "வாழைக்குலையை வெட்டினால் மரத்திலை இல்லாமல் போகும், மின்னூலை எடுத்தாலும் அது அங்கினையே கிடக்கும்தானே அக்கா" என்று கேட்கிறீரோ? நல்ல கேள்வி. நூல் கிடக்கும் தம்பி, எழுதுகிறவள் கிடப்பாளா? தையல் வேலையைப் பாதியாய்க் குறைத்து நான்கு வருடம் எழுதினேன். சட்டை தைத்துத் தந்தால் கூலி தராமல் போவீர்களா? போகமாட்டீர்கள், நீங்கள் நல்ல சனம். அந்த நல்ல சனத்துக்கு ஊசி பிடித்தால் உழைப்பாகத் தெரிகிறது, பேனை பிடித்தால் ஏன் தெரியவில்லை?

காசைக்கூட விடுங்கள். என்னை உடைத்தது வேறு. ஆயிரமாயிரம் பேர் வாசித்தீர்கள். நல்லம்மாவின் புருசன் வந்தானா என்று ஒருவர், ஒரே ஒருவர், என்னைக் கேட்கவில்லையே! பசித்தவன் பாதிச் சோற்றில் எழும்புவானா? சும்மா கிடைத்ததால் சும்மாவே மூடிவிட்டீர்கள். அடுத்த நாவல் அறுபதாம் பக்கத்தில் நிற்கிறது. யாருக்காக முடிப்பேன்? எதற்காக முடிப்பேன்? எந்த முகத்தை நினைத்து முடிப்பேன்? நான் தையல் மெசினுக்கே திரும்பிவிட்டேன்.

ஆர் அது, பின்னாலை? என்ன சொன்னனீங்கள்? "அப்ப அந்தப் பதினெட்டையும் குறூப்பிலை போட்டுவிடுங்கோவன் அக்கா" என்றா?

போடுகிறேன். மேடையால் இறங்கியதும் ஐயாவின் இலக்கத்துக்கு அனுப்பிவிடுகிறேன். அதற்குப் பிறகு என்னிடம் கேட்க எதுவும் இராது. அந்த ஏழு பேரில் ஒருவராவது இந்த மண்டபத்தில் இருந்தால், உங்களுக்கு என் நன்றி. மற்ற எல்லோருக்கும் வணக்கம்.