பிச்சையம்மாளின் முதுகு

விரிப்பில் ஒரு சுருக்கம் கிடந்தாலும் எனக்குப் பொறுக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. டீ ஆறுவதற்குள் குடியுங்கள், சொல்கிறேன். ராஜபாளையத்தில் இந்த ஆஸ்பத்திரி தொடங்கியதிலிருந்து பெண்கள் வார்டில் நான் விரித்த படுக்கையைப் பார்த்து ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

எண்பத்தெட்டில் இன்பம் நர்ஸ் வேலைக்கு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, நல்ல பெண்தான். புற்றுநோய் முற்றிப் படுத்தவர்களைத் தனியாளாக இழுத்துத் திருப்பினால் தோல் உரிந்துவிடும், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் விரிப்போடு தூக்கித் திருப்ப வேண்டும், முதுகைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். நர்சுகள், ஆயாக்கள் எல்லாரும் கேட்டார்கள். அதன்பிறகு யாருக்கும் படுக்கைப்புண் வரவில்லை. பெரிய டாக்டர் பாராட்டினார். அவளை மட்டும்.

அதைப் பொறுத்துக்கொண்டேன். தேவதானத்துப் பிச்சையம்மாள் விஷயம் வேறு. முதுகெலும்பில் புற்று, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. வந்து சேர்ந்த அன்று பயந்து அழுதவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். பிறகொரு நாள் திருப்பப் போனேன்.

"நீங்க ஊசிக்கு வாங்க சிஸ்டர். திருப்புததுக்கு இன்பம் வரட்டும். அவ கை பஞ்சு, உங்க கை மில்லு."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தங்கை கல்யாணத்துக்காக இன்பம் லீவில் போனாள். "பரிபூரணம் அக்கா, ஆச்சிய உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

நான் அந்தக் கட்டிலை வேறு யாருக்கும் விடவில்லை. ஆயா சண்முகத்தாய் மறுபக்கம் பிடிக்க வரும்போதெல்லாம், "இப்பத்தான் திருப்பினேன், ஏட்டி, நீ போ" என்பேன். அடுத்த டூட்டிக்காரிகளிடம், வலி அதிகம், அசைக்க வேண்டாமென்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். சீனியர் சொன்ன பிறகு போர்வையை விலக்கிப் பார்ப்பது எங்களிடம் மரியாதை இல்லை. விரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகுவேன். தலையணையை மட்டும் பக்கம் மாற்றுவேன்.

"இப்பம் நோவே தெரியல சிஸ்டர், செத்த நேரம் கண்ணசந்தேன்" என்றார் பிச்சையம்மாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்பம் திரும்பி வந்து பார்த்தபோது இடுப்புக்குக் கீழே தோல் கறுத்து, உடைந்து, வாடையடித்தது. "நான் போயிருக்கக் கூடாதுக்கா" என்று என் தோளில் சாய்ந்தே அழுதாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பிறகு பெரிய டாக்டரிடம் போய், அவள் இல்லாவிட்டால் அவள் ஏற்பாடு நிற்காது என்றேன். அவளை வேறு வார்டுக்கு மாற்றினார்.

புண்ணுக்கு நான்தான் கட்டுப்போட்டேன். சீழ் ரத்தத்தில் கலந்து காய்ச்சல் ஏறியது. "ஏட்டி பரிபூரணம், எங்க போயிட்ட?" என்று பிச்சையம்மாள் தேடுவார். முதல் தடவையாக என்னைப் பேர் சொல்லி. போகும்போதும் என் கையைத்தான் பிடித்திருந்தார்.

சண்முகத்தாய் உங்களிடம் சொன்னது அத்தனையும் நிஜம். நான் அவரைத் திருப்பவில்லை. வேண்டுமென்றேதான். அதனால்தான் இறந்தார். ஆனால் வார்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் ஐயா, அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன். புண் வந்த பிறகு அந்த அம்மா ஒருநாள்கூட இன்பத்தைக் கேட்கவில்லை.