கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது

– கழுத்துல கை வைக்காத மயிலு. சொல்லிட்டேன்.

– மெதுவா பேசுங்க அத்தே. அடுத்த ரூம்புல பினாங்கு டீம் உடுத்திக்கிட்டு இருக்குது.

– இருக்கட்டும். அவளுங்களுக்குத் தமிழ் தெரியுமா? தெரிஞ்சாத்தான் என்ன? மாமியாக்காரி மருமவளப் பாத்து தாலியக் கழட்டாதன்னு சொல்றது ஊரு ஒலகத்துல இல்லாத பேச்சா?

– அறுத்து எறியப் போறேன்னா சொன்னேன்? ஆட்டம் முடியிற வரைக்கும் வச்சிருங்கன்னுதான் கேட்டேன். ரெப்ரி விடமாட்டான் அத்தே. கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. பந்த எடுக்கப் பாஞ்சு விழுறப்ப எங்கயாச்சும் மாட்டுச்சுன்னா கழுத்தையே அறுத்துரும்.

– சட்டைக்குள்ள விட்டு மேல பிளாஸ்டர ஒட்டிக்க.

– தோட்டத்துத் திடல்னா ஒட்டிக்கலாம். இது பைனல். கோலாலம்பூர்லேர்ந்து ரெப்ரி வந்திருக்கான். நம்மளத் தடவிப் பாத்து உள்ள விடுறதுக்குன்னே ஒரு பொம்பளைய வாசல்ல நிறுத்தியிருக்கான்.

– அப்ப இம்புட்டு நாளு? எம்மவனக் கட்டி ஆறு வருசமா இந்தக் கைப்பந்தத்தானே அடிச்சிக்கிட்டுத் திரியுற. அப்பல்லாம் ரெப்ரிக்குக் கண்ணு அவிஞ்சா கெடந்துச்சு?

– கழட்டிட்டுத்தான் ஆடுனேன்.

– என்னது?

– எல்லா ஆட்டத்துக்கும். ஒங்களுக்குத்தான் தெரியாது.

– அடிப்பாவி! கழட்டி எங்க போட்ட? செவுத்து ஆணியில மாட்டுனியா?

– ஒங்க மகன்கிட்ட குடுப்பேன். அவரு தன் கழுத்துல போட்டுக்குவாரு. மேல் பட்டன் வரைக்கும் பூட்டிக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருப்பாரு. ஆட்டம் முடிஞ்சு நான் போயி முன்னால நின்னா அவரே எடுத்து மாட்டி விடுவாரு.

– எம்மவன் சந்திரனா? தாலியப் போட்டுக்கிட்டு, இத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல?

– வேர்த்து ஊத்தும். ஒரு பட்டனக்கூட அவுக்கமாட்டாரு.

– நல்லா இருக்கு கூத்து. அதான் சனிக்கெழம ஆனா லோரி சாவியத் தூக்கி அந்தத் தவுக்கே மொதலாளிகிட்ட வீசிட்டு ஓடுறானா? நான் என்னமோ பொண்டாட்டி மேல ஆசன்னு நெனச்சேன்.

– அதுவும்தான்.

– சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது. அவன் எங்க இப்ப?

– அதான் சொல்ல வந்தேன். நேத்து பகாவுக்குச் செம்பனைக் குலை ஏத்தப் போனாருல்ல? திரும்பி வர்றப்ப புக்கிட் பூத்துஸ் மலையில பிரேக்கு போயி லோரி படுத்துருச்சாம். காலையில தோட்டத்துக் கடைக்குப் போன் பண்ணுனாரு. சரி பண்ணி எடுத்துக்கிட்டு வர சாயந்தரம் ஆயிருமாம்.

– அப்பத்தான் இந்தக் கெழவி நெனப்பு வந்துச்சாக்கும்.

– அப்படி இல்ல அத்தே.

– பின்ன எப்படி? ஆறு வருசத்துல ஒருநாளாச்சும் வாங்கன்னு கூப்புட்டியா? இன்னிக்குக் காலையில வந்து, "வாங்கத்தே, என் ஆட்டத்தப் பாக்க வாங்க"ன்னு கையப் புடிச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பெட்டியில இருந்ததுலயே நல்ல வெள்ளச் சேலையா பாத்து எடுத்துக் கட்டுனேன். ரந்தாவ் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவகிட்ட எல்லாம் எம்மருமவ பைனல் ஆடுறா, பைனல் ஆடுறான்னு சொல்லிக்கிட்டு வந்தேன். பைனல்னா என்னான்னு எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இப்பத்தானே வெளங்குது, என்னைய ஆணியா கூட்டியாந்திருக்க.

– ஆணியில மாட்டுறதா இருந்தா ஒங்ககிட்ட ஏன் கேக்குறேன்? பையில சுருட்டிப் போட்டுட்டு போயிருக்கமாட்டேனா?

– போட வேண்டியதுதானே. யாரு புடிச்சா?

– பயமா இருக்கு.

– ஒனக்கா பயம்?

– ஒரே ஒரு தடவ பையில வச்சேன். ஈப்போ ஆட்டத்துல. அவருக்கு லீவு கெடைக்கல. அன்னிக்குத்தான் மோட்டாரோட போயி சாக்கடையில விழுந்து கால ஒடிச்சிக்கிட்டாரு.

– அய்யோ, அது ஒன்னாலதானா? புள்ள மாசக்கணக்கா கட்டுப் போட்டுக் கெடந்தானே! நான் மாரியாத்தாளுக்குத் தீச்சட்டி நேந்துக்கிட்டு அழுதேனே, நீயும் பக்கத்துல உக்காந்து ஒண்ணும் தெரியாதவ மாதிரி அழுதியே!

– ரோட்டுல மணல் கெடந்துச்சு, சறுக்கிருச்சு, நீ மண்டைய ஒடச்சிக்காதன்னு அவரு சொல்றாரு. ஆனா எனக்கு மனசு கேக்கல. அன்னிலேர்ந்து நம்ம வீட்டு ஆளுகிட்ட இருந்தாத்தான் எனக்குப் பந்தே கண்ணுக்குத் தெரியும். அதான் ஒங்களக் கூப்புட்டேன்.

– வீட்டு ஆளுன்னா யாரா இருந்தாலும் சரியா? என் நெத்தியப் பாரு. கழுத்தப் பாரு.

– பாத்துட்டுத்தான் கேக்குறேன் அத்தே.

– கேட்டுக்க. புருசன வாரிக் குடுத்த கை இது. ஒங்க கல்யாணத்துல தாலித் தட்ட எல்லார்கிட்டயும் நீட்டுனாங்க, தொட்டுக் கும்புட. தட்டு என் பக்கம் வர்றதுக்குள்ள, பெத்த தாய் நான், எந்திரிச்சுப் போயி சமையக் கொட்டாயில சோத்தக் கிண்டுற மாதிரி நின்னேன். என்னையப் பாத்து யாரும் கைய இழுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னால நானே போயிட்டேன். அப்பத் தொடாதவ இப்பத் தொடுவேனா? அதுவும் இன்னிக்கு? அவன் அந்த மலப் பாதையில, வளைவுக்கு வளைவு பள்ளம், பிரேக்கு இல்லாத லோரிய வச்சிக்கிட்டு நிக்கிறான். நான் கை வச்சு எம்புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எங்க போயி முட்டிக்கிறது?

– மயில்! இன்னும் என்ன பண்ற? வார்ம்அப் முடிஞ்சிருச்சு, நீ இங்க நின்னு சண்ட போடுற!

– கோச், ஒரு நிமிசம். இவங்க எங்க மாமியார். அத்தே, இவருதான் கணேசமூர்த்தி. எங்க கோச்.

– வணக்கம்மா. சந்திரன் எங்க, காணோம்? அவன்தானே நம்ம டீமோட லாக்கர்!

– ஏன் தம்பி, இந்தக் கண்றாவி ஒங்களுக்குமா தெரியும்?

– டீமுக்கே தெரியும்லா, அம்மா. இந்தச் சீனப் புள்ளைங்க இருக்காளுங்களே, சந்திரன் உள்ள வந்தா மொகத்தப் பாக்கமாட்டாளுங்க, காலர் பட்டனத்தான் பாப்பாளுங்க. பூட்டியிருந்தா மயில் ரெடி.

– இவ ஒருத்தி இல்லாட்டி என்ன? அங்கதான் பத்துப் பொண்ணுங்க முட்டி தெரிய சிலுவாரப் போட்டுக்கிட்டு நிக்குதே.

– நிக்குதுங்க அம்மா. வலைக்கு மேல எழும்பி எறக்கி அடிக்கிறது இவ ஒருத்திதான். ஓப்பனா சொல்லிடுறேன். டீம நடத்துற பேக்டரியில ஆள் கொறைக்கிறாங்க. பெரிய மேனேஜர் நேத்து கூப்புட்டுப் பேசிட்டாரு. கப் வந்தா டீம் இருக்கும். வரலைன்னா டீமையே கலைச்சிருவாரு. டீம் இல்லைன்னா இவளுக்கு அங்க வேல இல்ல.

– ஏன், மிசின்ல நிக்கட்டுமே.

– நான் மிசின்ல நின்னதே இல்ல அத்தே. பேருதான் ஆப்பரேட்டர். எனக்கு இதான் வேல. காலையில ஓட்டம், மத்தியானம் கம்பி தூக்குறது, சாயந்தரம் பந்து. இதுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் குடுக்குறான்.

– பந்து அடிக்கிறதுக்கா?

– பந்து அடிக்கிறதுக்குத்தான். புகைக்கொட்டாய்க்குப் பின்னால சாக்குக் கயித்த வலையா கட்டி ஆடுனவ நான். பதினெட்டு வயசுல நெகிரி மாநில டீம்ல எடுத்தாங்க. மலேசியாச் சட்ட போட்டு பேங்காக் போனேன், மணிலா போனேன். நம்ம தோட்டத்துலேர்ந்து பிளேன் ஏறுன மொத ஆளு நான்தான்னு ஆபிசு கிராணி சொன்னாரு. எல்லாம் அடிச்ச அடியில வந்தது அத்தே. வேற எதுவும் நான் கத்துக்கல.

– சரி சரி, கதைய அப்புறம் பேசலாம். உள்ளயா வெளியயா? பேர் குடுக்கணும்.

– எனக்குப் பதிலா மே லிங்க எறக்குங்க கோச்.

– மயில், தமாஷ் பண்ணாதலா.

– தமாஷ் இல்ல. இவங்க தொடமாட்டாங்க. பையில வச்சிட்டு வந்தா என்னால ஆட முடியாது. பந்து மேல வர்றப்ப எனக்கு லோரிதான் தெரியும். அவ அடிக்கட்டும்.

– அவ சேந்து ரெண்டு மாசம்கூட ஆகல. பினாங்குக்காரிங்க அவளப் பிச்சுப் போட்டுருவாளுங்க. அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. சரி, நான் வாசல்ல நிக்கிறேன். விசில் அடிக்கிற வரைக்கும் பாப்பேன், அப்புறம் என் கையில இல்ல.

– பாவம், மொகம் செத்துப்போச்சு அந்தத் தம்பிக்கு. ஏ மயிலு, சப்பாத்த ஏன் அவுக்குற?

– ஆடலைன்னு ஆயிருச்சு. காலு எரியுது.

– நான் ஆட வேணாம்னு சொல்லலையே. கழட்ட வேணாம்னுதானே சொன்னேன்.

– இன்னிக்கு ரெண்டும் ஒண்ணுதான் அத்தே. ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. எனக்கும் அவரு நல்லபடியா வீடு வந்து சேரணும்.

– திங்கக்கெழம என்ன செய்வ?

– வீரமுத்து மண்டோரப் போயிப் பாக்கணும். ஆள் வேணும்னு போன வாரம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. ரப்பர் மரத்துல பால் வெட்டத் தெரியும். கை மறந்திருக்காது.

– பிளேன் ஏறுனவ கித்தா காட்டுக்குப் போறேங்குற.

– ஏன், நீங்க போகலையா?

– நான் போனேன். எனக்கு வேற எதுவும் வராது, போனேன். அது என்ன வெளிய அப்படிக் கத்துறானுங்க?

– டீம் எறங்கிருச்சு. என்னையக் காணோம்னு கூட்டம் கேக்குது.

– ஒம்பேரா அது? மைலா, மைலான்னுல கேக்குது.

– மலாய்க்காரங்க வாயிக்கு அப்படித்தான் வரும். கேட்டுக் கேட்டுச் சீனங்களும் அப்படித்தான் கூப்புடுவாங்க.

– அம்புட்டு சனமுமா ஒன்னையக் கூப்புடுது?

– விடுங்க அத்தே. வாங்க, பின்வாசல் வழியா போயிருவோம். நாலு மணி பஸ்ஸப் புடிச்சா அவரு வர்றதுக்குள்ள சோறாக்கிரலாம்.

– இரு. நான் சொல்றதக் கேட்டுக்க. ஒங்க மாமனுக்குக் கழுத்த நீட்டுன நாள்லேர்ந்து நான் அதக் கழட்டுனதே இல்ல. குளிக்கிறப்ப இல்ல, சந்திரனப் பெக்குறப்ப இல்ல. மரத்துப் பால் தெறிச்சு நூல்ல காஞ்சிரும், கம்பி மாதிரி கழுத்த அறுக்கும், அப்பவும் கழட்டல. வெள்ளிக்கெழம தவறாம மஞ்சப் பூசி, அவரு நல்லா இருக்கணும்னு கண்ணுல ஒத்திக்கிட்டேன். பழைய மரத்தச் சாய்க்கிறாங்கன்னு அவரு போனது ஒரு சனிக்கெழம. மரம் அவரு மேலயே விழுந்துச்சுன்னு வந்து சொன்னாங்க. முந்தின நாளு பூசுன மஞ்ச அதுல ஈரமா இருந்துச்சு மயிலு.

– அத்தே.

– அழாத, கண்ணு மங்கிரும், பந்து தெரியாது. சப்பாத்தக் கட்டு. ஏ தம்பி, கோச்சு! பேர் குடுத்துறாதய்யா, இவ வர்றா!

– வேணாம் அத்தே. மனசு ஒப்பாம எனக்காகச் செய்யாதீங்க.

– நான் ஒருநாளும் கழட்டாதத ஊரே கூடி நின்னு எங்கழுத்துலேர்ந்து அறுத்துச்சு. குனி, ஒன்னோடத நானே கழட்டுறேன்.