பத்து மணிப் பரீட்சை

— இல்ல தம்பி, நான் எழுதப் போறதில்ல. முடிவு பண்ணிட்டேன்.

— பரீட்சை தொடங்க இன்னும் பத்து நிமிஷம் இருக்குக்கா. அதுக்குள்ள என்ன முடிவு? எங்க இருக்கீங்க இப்ப?

— ஆஸ்பத்திரி சலவை அறையிலதான். பெட்ஷீட் மூட்டை மேல உக்காந்திருக்கேன். பயமா இருக்குப்பா.

— முதல் நாள் ஆம்புலன்ஸ் ஓட்டுறப்ப எனக்கும்தான் பயமா இருந்துச்சு. அதுக்காக வண்டிய எடுக்காம இருந்தேனா?

— அட போப்பா! உனக்கு ரோடு தெரியும். எனக்கு இந்தப் புள்ளியியல் எங்க தெரியும்? நாப்பத்தி மூணு வயசு. ஆன்லைன் வகுப்புல முந்நூறு பேர், அத்தனை பேரும் கேமராவ அணைச்சுட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தரும் வாயத் திறக்கல. எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும்தான் மண்டையில ஏறலன்னு தோணும்.

— எல்லாரும் அப்படி நெனச்சுத்தான் வாய மூடிக்கிட்டிருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் "சார், மறுபடி சொல்லுங்க"ன்னு கேட்டீங்க.

— கேட்டுட்டு வெக்கத்துல ரெண்டு நாள் வகுப்புப் பக்கமே போகல, தெரியுமா?

— மூணாவது நாள் போனீங்கல்ல? சரி, ஒண்ணு கேக்குறேன். சராசரிய மட்டும் பாத்து ஏன் ஏமாறக் கூடாது?

— அதான் முந்தாநாள் காலையிலயே போன்ல சொன்னேனே! ஒரு வார்டுலேருந்து தினமும் அம்பது பெட்ஷீட் வருது. இன்னொரு வார்டுலேருந்து ஒரு நாள் பத்து, மறுநாள் தொண்ணூறு. ரெண்டுக்கும் சராசரி அம்பதுதான். ஆனா தொண்ணூறு வர்ற அன்னிக்கு என் மெஷின் திணறிப் போயிடும். எவ்வளவு ஏறி இறங்குதுன்னும் சேத்துப் பாக்கணும்.

— இதப் புத்தகத்தப் பாத்து வாசிச்சீங்களா?

— புத்தகம் வீட்டுல கிடக்கு. வாயில வந்துச்சு, சொன்னேன்.

— ரைட்டு. போன்ல பரீட்சைப் பக்கத்தைத் திறங்கக்கா.

— திறக்கிறேன், திறக்கிறேன். விடப் போறதில்ல நீ... ம், "பரீட்சையைத் தொடங்கு"ன்னு வந்து நிக்குது. அமுக்கித்தான் பாக்குறேனே, என்ன ஆயிடும்! இரு, நீயும் திற. ஒண்ணா அமுக்குவோம்.

— எனக்குப் பரீட்சை இல்லக்கா.

— என்னப்பா உளர்ற?

— ரெண்டு டெஸ்ட்டை பயந்துகிட்டு நான் திறக்கவே இல்ல. மூணாவது மாசமே வகுப்புலேருந்து என் பேரை எடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடி சேரப் போறேன். இந்தத் தடவை ஓட மாட்டேன்.

— அப்போ நேத்து வரைக்கும் தினமும் காலையில "புரியலக்கா, சொல்லுங்கக்கா"ன்னு போன் போட்டியே... நான் மூச்சு முட்டப் பாடம் நடத்துனதெல்லாம் யாருக்குப்பா?

— உங்களுக்குத்தான்க்கா.