கணக்குச் சேருக்கு ஒரு சிபாரிசு

ஹலோ… வஅலைக்குமுஸ்ஸலாம்… ஓம், ஓம், பாடசாலை அதிபர்தான் கதைக்கிறன், சித்தி பரீதா… கொஞ்சம் உரத்துக் கதைங்க தம்பி, இங்க இடைவேளை, பிள்ளையள்ட சத்தம். அதோட ஹாபர்ல கப்பலும் ஊதுது… ஓம், இப்ப கேக்குது. சொல்லுங்க.

… ஆர்? கொழும்பு ஏஜென்சியா? எங்களுக்கு ஒண்டும் தேவையில்ல தம்பி, ஃபோட்டோகொப்பி மெசின் இப்பதான் திருத்தி எடுத்தது… ஆ, அந்த ஏஜென்சி இல்லையா… மாலைதீவுக்கு டீச்சர்மார அனுப்புறவங்களா. எங்க ஆரு போறாங்க?… எங்கட றுவைஸ் சேரா?

… இல்ல, தெரியும். விண்ணப்பம் போட்டிருக்கன் எண்டு சொன்னவர். உங்கட பேரைக் குடுக்கட்டா மேடம் எண்டும் கேட்டவர். நானும் குடுங்க எண்டனான். எல்லாரும் போடுறதுதானே, கிடைக்கவா போகுது எண்டு நினைச்சன்… ஓ. கடைசிக் கட்டத்துக்கே வந்திட்டாரா. நான் சொல்றது மட்டும்தான் மிச்சமா… அப்படியா விசயம்… இருங்க தம்பி, கதவைச் சாத்திட்டு வாறன்.

… ஓம், இப்ப கேளுங்க… பட்டமா? இருக்கு. கணிதத்தில. பட்டம் இப்ப ஆருட்டத்தான் இல்ல… எந்தத் தரத்தில சித்தியா? ம்ம்… நல்ல ஞாபகம் இல்ல… ஓம், முதலாம் வகுப்புத்தான். சேர்ட்டிபிகேட்டக் கையில வச்சுக்கொண்டு என்னட்ட ஏன் கேக்குறீங்க?

… கல்வி டிப்ளோமா? அதுவும் முடிச்சிட்டார். அவர் பஞ்சிப்பட்டார், நான்தான் போய்ப் படிங்க படிங்க எண்டு தள்ளி விட்டனான். இப்படி ஒரு நாள் நீங்க கோல் எடுப்பீங்க எண்டு தெரிஞ்சிருந்தா தள்ளியிருக்க மாட்டன்… ஒண்டுமில்ல, சும்மா சொன்னன். அத எழுதாதீங்க.

… இங்கிலீஷா. அதுலதான் கொஞ்சம் பிரச்சினை… இல்ல, கதைப்பார். எழுதவும் எழுதுவார். ஆனா மத்தவங்கட பிழைய சபையில வச்சுத் திருத்துவார். பரிசளிப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிசன் வந்து இங்கிலீஷ்ல பேசினார். இவர் மைக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு ஒரு சொல்ல மெதுவாத் திருத்திக் குடுத்தார். மெதுவா எண்டா அவருக்கு மெதுவா. மைக்குக்குள்ளால ஊருக்கே கேட்டுது. அந்த மனிசன் எங்களுக்குத் தாறன் எண்ட கதிரையள் இண்டைக்கு வரைக்கும் வரல்ல… என்ன எழுதுறீங்க? 'உச்சரிப்பு மிக நன்று' எண்டா? நான் அதையா சொன்னனான்?

… ஓம், ஓம், நேர்மையாத்தான் சொல்ல வேணும். அதுக்குத்தானே குறையையும் சேத்துச் சொல்றன். அவர்ட சத்தம் கூட தம்பி… வகுப்புல. அவர் மேல் மாடியில கேத்திரகணிதம் படிப்பிச்சா கீழ ஆறாம் வகுப்புப் பிள்ளையளுக்கும் அது விளங்கிரும். தமிழ் டீச்சர் செய்யுள் சொல்லிக் குடுக்க ஏலாம என்னட்ட வந்து அழுதவ… அங்க பெரிய மண்டபமா? மைக்கும் இல்லையா?… நல்லதாப் போச்சா. ஆருக்கு நல்லதாப் போச்சு?

… வேற குறையா. ஏன் இல்லாம? நேரத்துக்கு வீட்டுக்குப் போக மாட்டார். பாடசாலை விட்டாப் பிறகும் கணக்கு ஏறாத பிள்ளையள வச்சுக்கொண்டு இருப்பார். காவல்காரர் கேட்டைப் பூட்ட ஏலாமத் திறப்போட நிக்கிறார், பாவம், அவருக்கு வயசு போன காலத்தில… என்ன அது? 'மேலதிக ஈடுபாடு'? தம்பி, நீங்க என்ன, நான் சொல்றத ஒரு காதால கேட்டு மறு காதால மாத்தி எழுதுறீங்களா?

சரி, இது முக்கியம், கேளுங்க. மாலைதீவு எண்டா சுத்திவரக் கடல்தானே. தீவு விட்டுத் தீவு போக வள்ளம்தானே… ஓம், அதத்தான் சொல்றன். இவருக்குக் கடல் ஒத்து வராது. வள்ளத்தில கால வச்சாலே தல சுத்தும்… ஓம், கிண்ணியாக்காரர்தான்… வாப்பா மீன் பிடிக்கிறவர்தான். அது வாப்பா தம்பி. நாங்க கதைக்கிறது மகனப் பத்தி… என்ன போட்டோ?… விண்ணப்பத்தோட சேத்துக் குடுத்தவரா… தோணிப் போட்டியில வெண்டு கப்போட நிக்கிறாரா… ம்ம். அது கரையோரமா ஓட்டினதா இருக்கும்.

… ஒழுக்கமா? அதுக்குப் பொலிஸ் ரிப்போட் எடுத்துத் தருவார்தானே… நானும் சொல்ல வேணுமா. சொல்லத்தான் வேணும் எண்டா… ஒருக்காப் புடிபட்டவர்… ஓம். சீனன்குடாவில. எண்ணெய் நிரப்பி வைக்கிற பெரிய தாங்கியள் நிக்கிற பக்கம். உள்ளுக்குப் போகக் கூடாத இடம் தெரியும்தானே, அந்த வேலியோட… தனிய இல்ல, ஒரு கூட்டத்தோட… ஹலோ? தம்பி? சத்தத்தக் காணல்ல… இல்ல, இல்ல, இல்ல. எழுதாதீங்க. பேனைய வைங்க. வச்சிட்டீங்களா? முழுக்கக் கேளுங்க. கூட்டம் எண்டது எங்கட பத்தாம் வகுப்பு.

உருளைட கனவளவு படிப்பிக்கிறதாம். புத்தகத்தில இருக்கிற உருளை பிள்ளையளுக்கு விளங்கல்லையாம். அவ்வளவு பெரிய உருளையெல்லாம் பக்கத்து ஊர்ல சும்மா நிக்கேக்க ஏன் மேடம் படத்தப் பாக்க வேணும் எண்டு கேட்டார். சரி, பஸ்ஸில போய்ப் பாத்திட்டு வாங்க எண்டு நானும் விட்டனான். பாக்கத்தான் விட்டனான். இவர் பிள்ளையள்ட கையில மட்டையில செஞ்ச கோணமானியக் குடுத்து, றோட்டுல வரிசையா நிப்பாட்டி, தாங்கிட உயரத்த அளக்கச் சொல்லியிருக்கார். காவலுக்கு நிண்டவர் பாத்தா, ஒரு வகுப்புப் பிள்ளையள் முழுக்க ஒரு கண்ண மூடிக்கொண்டு தாங்கியக் குறி பாக்குதுகள். விடுவாரா?

எனக்குக் கோல் வந்தது. நான் ஓட்டோவில விழுந்தடிச்சுப் போறன், என்ன சொல்லிக் கெஞ்சிறது எண்டு சிங்களத்தில பாடமாக்கிக்கொண்டு. போய்ப் பாத்தா, அந்தக் காவல்காரர் ஒரு கண்ண மூடிக்கொண்டு நிக்கிறார். றுவைஸ் சேர் பக்கத்தில நிண்டு மட்டைய இப்படிப் புடிங்க, அப்படிப் புடிங்க எண்டு காட்டிக் குடுக்கிறார். காவல்காரர்ட விடை பிழை எண்டு ஒரு பிள்ளை சொல்லுது. எனக்கு டீ தந்து அனுப்பினாங்க. நான் பாடமாக்கினதெல்லாம் வீணாப் போச்சு… சிரிக்காதீங்க தம்பி… என்ன, 'வகுப்பறைக்கு வெளியே கற்பித்தல்' எண்டு தனியா ஒரு கட்டமே இருக்கா? அதுக்குப் புள்ளியும் கூடவா… நான் ஏன்தான் வாயத் திறந்தனோ.

… இல்ல, கேளுங்க, ஆனா… வாங்க சேர், வாங்க… ஓம் தம்பி, அந்தக் குழாய் விசயமாத்தான் சொல்றன்… குழாய் தம்பி, குழாய். தண்ணிச் சபைதானே நீங்க… ஆ, விளங்கினாச் சரி… என்ன வேணும் றுவைஸ் சேர்? மேல் அறைத் திறப்பா? அலுமாரிக்கு மேல பாருங்க… ஓம் தம்பி, நல்ல குழாய். பழுது ஒண்டும் இல்ல. அதக் கழட்டிக்கொண்டு போய் வேற ஊர்ல பூட்டப் போறம் எண்டு சொல்றீங்க. அங்கயும் ஆக்கள் தாகத்தோட இருப்பாங்க, நான் இல்லையெண்டல்ல. இங்க இருக்கிற பிள்ளையள் எங்க போய்க் குடிக்கிற?… இல்ல சேர், நீங்க நிக்க வேணாம், திறப்பு கிடைச்சதுதானே… என்ன? நீங்க பாக்கிறீங்களா? குழாயையா? வேணாம் சேர், அது நிலத்துக்குக் கீழ. போங்க, மணி அடிக்கப் போகுது.

… போயிட்டார்… ஓம், அவரேதான். குழாய் எங்க ஒழுகுது மேடம், நான் திருத்தட்டா எண்டு கேக்குறார். இதையும் ஏதாவது ஒரு கட்டத்துக்க போடப் போறீங்களா?

… நல்லாத்தான் சிரிக்கிறீங்க. எந்த ஊர் தம்பி?… மூதூரா? கதையில தெரிஞ்சது. பேர்?… நிப்றாஸ். ஆர்ட மகன்?… ஆ, அவரா, தெரியும். அப்ப உங்கட ராத்தா இங்க டவுன்லதானே கலியாணம் முடிச்சு… ஸல்ஹாட உம்மா… ஓம், ஓம், எங்கட பிள்ளைதான், பதினொண்டாம் வகுப்பு. அட, அவட மாமாவா நீங்க.

… தம்பி, அப்ப நான் ஒரு கேள்வி கேக்கட்டா? ஸல்ஹாக்குக் கணக்கு ஆர் படிப்பிக்கிற எண்டு தெரியுமா?… ஓம். அந்த ஆளத்தான் நீங்க இப்ப ஏத்திக்கொண்டு போகப் போறீங்க. ஓ எல் பரீட்சை வருது, அதுக்கிடையில.

… இல்ல, இனிப் பகிடி இல்ல. கேளுங்க. இவர் வர முந்தி ரெண்டு வருசம் எங்களுக்குக் கணக்குக்கு ஆளில்ல. விவசாயம் படிப்பிக்கிற சேர்தான் வகுப்புக்குப் போவார். கணக்கப் பலகையில எழுதிட்டு, விடை புத்தகத்துக்குப் பின்னால இருக்கு எண்டு சொல்லிட்டு வருவார். அவரையும் குறை சொல்ல ஏலாது, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நல்ல பிள்ளையள் தம்பி, மத்த எல்லாப் பாடத்திலயும் கெட்டிக்காரப் பிள்ளையள், ஓ எல்ல கணக்கு ஒண்டால தவறி, மேல உயர்தரம் படிக்க ஏலாம வீட்டோட நிண்டிட்டுகள். ஒரு பிள்ளைட உம்மா வந்தா. எனக்கு முன்னால இந்தக் கதிரையிலதான் இருந்தா. ஒண்டும் ஏசல்ல. பிள்ளைட ரிப்போட்ட மடிச்சு எடுத்துக்கொண்டு எழும்பிப் போயிட்டா. ஏசியிருந்தா நான் மறந்திருப்பன்.

… போக வேணாம் எண்டு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டன். எனக்குத் தெரியும். வீடு கட்டத் தொடங்கி அரைவாசியில நிக்குது. பெண்சாதி சின்னப் பிள்ளையோட அவட உம்மா வீட்டில. இந்தச் சம்பளத்தில அந்தக் கூரை எப்ப ஏறுற? இருக்கிற கல்வித் தகைமைக்கு எங்கயோ போயிருக்க வேண்டிய மனிசன். போகட்டும். நான் கேக்குறது ஒண்டுதான், பரீட்சை முடியட்டும். கடைசிப் பேப்பரப் பிள்ளையள் எழுதி முடிச்ச அண்டைக்கு நானே அவர பஸ் ஏத்தி விடுறன். நீங்க அதுக்கு ஓம்பட்டா, நான் உண்மையெல்லாம் சொல்றன். ஓம்படாட்டி, இன்னும் குறை கைவசம் இருக்கு.

… என்ன?… ஆர் கேட்டது?… அவரேயா?… விண்ணப்பத்திலயே எழுதியிருக்காரா… பரீட்சை முடிஞ்சாப் பிறகுதான் வருவன், அதுக்கு முந்தி எண்டா வேற ஆளப் பாருங்க எண்டு… அங்க என்ன சொன்னாங்க?… ஓம் எண்டுட்டாங்களா.

… ம்ம்…

… கொஞ்சம் பொறுங்க, மூக்கத் துடைக்கிறன்… ஒண்டுமில்ல தம்பி. தடிமன்.

… என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல பாத்தீங்களா, அந்த மனிசன். பிள்ளையள்ட்டயும் சொல்லியிருக்க மாட்டார்… ஒரு நிமிசம். இது உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?… தெரிஞ்சுகொண்டா இவ்வளவு நேரமும் என்னக் கதைக்க விட்டீங்க?… ஓம், ஓம், கேக்க நல்லாத்தான் இருந்திருக்கும். கொழும்பில உங்களுக்கு வேற பொழுதுபோக்கு இல்லப் போல. இருங்க, ராத்தாவக் காணேக்க சொல்றன்.

சரி, இப்ப எழுதுங்க. மாத்தாம எழுதுங்க. இந்தப் பாடசாலையில இவர விடத் திறமான ஆசிரியர் இல்ல. கணக்குக்குப் பயந்த பிள்ளையள் இவர்ட வகுப்புக்கு ஓடிப் போகுதுகள், இத நான் கண்ணால பாத்தனான். பெண் பிள்ளையள நம்பி அனுப்பலாம். பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்லத் தெரிஞ்சது எனக்கு மட்டும்தான் எண்டு இண்டைக்கு விளங்கிட்டு… அந்தக் கடைசியக் கட்டாயம் எழுதாதீங்க. மத்தது அவருக்குச் சொல்லவும் வேணாம், மத்த டீச்சர்மார்ட காதுக்குப் போகவும் வேணாம். நான் இங்க இருக்க வேணும்.

… இன்னும் ஒரு கேள்வி இருக்கா? கேளுங்க… திரும்பி வந்தா எடுப்பீங்களா எண்டா?… இது ஆர் தம்பி போட்ட கேள்வி… எழுதுங்க, வாற அண்டைக்கே எடுப்பன், வந்து இறங்கின உடுப்போடயே வகுப்புக்கு அனுப்புவன் எண்டு… அவ்வளவுக்கு இடமில்லையா? ஓம், இல்லை, ரெண்டில ஒண்டா?… அப்ப ஓம் எண்டு போடுங்க. பெரிசாப் போடுங்க.

… ஓம், சந்தோசம் தம்பி. உம்மாக்கு ஸலாம் சொல்லுங்க… வைக்காதீங்க, வைக்காதீங்க. ஒண்டு கேக்க மறந்திட்டன். நீங்க என்ன படிச்சனீங்க?… கெம்பசில… எந்தப் பாடம்?… கணிதமா?

… இல்ல, சும்மாத்தான் கேட்டனான்… கணிதம் படிச்ச பிள்ளை அங்க இருந்துகொண்டு ஊராக்களுக்குக் கோல் எடுக்குது… அது நல்ல வேலைதான், நான் கெட்ட வேலை எண்டல்ல. ஆனா தை மாசம் பிறக்க எங்கட கணக்கு வகுப்பு ஆளில்லாமத்தானே கிடக்கப் போகுது. ராத்தாட வீட்டில இருந்து எங்கட பாடசாலைக் கேட்டுக்கு நடந்தே வரலாம். வாற வழியில கடல் காத்து… ஹலோ… நிப்றாஸ் தம்பி… ஹலோ…

வச்சிட்டார்.

பரவாயில்ல. நம்பர் ஃபோன்ல விழுந்திருக்கு.