அக்காவின் முகநிறம்

வயது போனவர்களின் முகத்துக்கு நிறக் கிறீம் பூசும்போது அவசரப்படக் கூடாது. முதலில் துவாயை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து முகத்தை மெல்ல ஒற்றித் துடைக்க வேண்டும். தோல் காய்ந்த இடத்தில் நிறம் கூடுதலாக ஏறிவிடும். அதனால் புருவத்திலும் மூக்கின் இரண்டு பக்கமும் தலைமயிர் தொடங்குகிற இடத்திலும் முன்னரே கொஞ்சம் சாதாரணக் கிறீம் தடவி வைக்க வேண்டும். கண்ணோரத்துச் சுருக்கங்களை ஒரு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு மற்ற விரலால் பூச வேண்டும். இல்லாவிட்டால் நிறம் சுருக்கத்துக்குள் தேங்கிக் கோடு கோடாகத் தெரியும். பூசி முடிந்தவுடன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட வேண்டும். பிறகு ஆறேழு மணித்தியாலம் முகத்தில் தண்ணீர் படக் கூடாது. நிறம் உடனே தெரியாது. மெல்ல மெல்லத்தான் ஏறும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது வேறு. அக்கா காலையில் இறந்திருக்கிறார், பின்னேரம் வரை ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

என் பெயர் குணலட்சுமி. நல்லம்மா அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர். உரும்பிராயில் அம்மாவின் சீதனமாக வந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். நான் கலியாணம் செய்யவில்லை. செய்ய வேண்டிய வயதில் ஊரே ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் ஷெல்லடியில் இறந்தபோது அவர்களின் மகள் தர்சிகாவுக்கு மூன்று வயது. அடுத்த வருடம் எல்லோரும் இடம்பெயர்ந்து கொடிகாமத்துக்கு நடந்தோம். அக்கா பெட்டியைத் தூக்கினார், நான் பிள்ளையைத் தூக்கினேன். வழி முழுக்க அவள் என் தோளில்தான் நித்திரை கொண்டாள். அவளுக்குச் சோறு தீத்தியதும் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதும் நான்தான். என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள். இப்போது லண்டனில் புருஷன் பிள்ளைகளோடு இருக்கிறாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை.

சில வருடங்களுக்கு முன் அக்காவின் முகத்தில் வெள்ளை விழத் தொடங்கியது. முதலில் வாயோரத்தில் ஒரு திட்டு. பிறகு கண்ணைச் சுற்றி, பிறகு நெற்றியில். தொற்றாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று தோல் டொக்டர் சொன்னார். ஆனாலும் அக்கா வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறவர், அதையும் நிறுத்தினார். கலியாண வீடுகளுக்கு என்னை மட்டும் அனுப்பினார்.

தர்சிகா விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கிறீமைக் கொண்டுவந்தாள். வெள்ளைக்காரர்கள் வெயிலில் கிடக்காமலே மண்ணிறமாக வருவதற்குப் பூசுகிறது. இங்கே எல்லோரும் வெள்ளையாக வரப் பூசுகிறார்கள், இது கறுப்பாக வரவா என்று அக்கா சிரித்தார். தர்சிகா திட்டுகளில் மட்டும் பூசி, ஓரங்களைத் தோலோடு கலந்து காட்டினாள். நான் பக்கத்தில் நின்று பழகினேன். நிறம் ஏறிய பிறகு அக்கா முற்றத்து வெளிச்சத்தில் நின்று கண்ணாடி பார்த்தார்.

“இது நான்தான், குணம்,” என்றார்.

அதன் பிறகு நிறம் மங்க மங்க நான்தான் பூசிவிட்டேன். அக்கா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். அதற்கு முன் நான் யாருடைய முகத்தையும் அவ்வளவு நேரம் தொட்டதில்லை. பூசிக்கொண்டே கதைப்போம். அக்கா மறுபடியும் கோயிலுக்கு வரத் தொடங்கினார். என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

போன வருடம் தர்சிகா அக்காவை ஆறு மாதம் லண்டனுக்குக் கூப்பிட்டாள். நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்குத் தெரியவில்லை. அரைச் சுண்டு அரிசி போட்டாலும் சோறு மிஞ்சியது. ஒருநாள் தேங்காய் வாங்கக் கடைக்குப் போய் நின்றேன். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. எத்தனை நாளாக யாரோடும் கதைக்கவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன். எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, தொண்டையைச் செருமிவிட்டுத் தேங்காயைக் கேட்டேன். ஆனால் அதை நான் மறக்கவில்லை.

அக்கா திரும்பி வந்த பிறகு தர்சிகா போனில் என்னிடம் தனியாகச் சொன்னாள். “அம்மாவுக்கு ஏதும் ஒண்டு எண்டால் நான் வந்து ஒரேயடியாக் கூட்டிக்கொண்டு வந்திடுவன், சின்னம்மா. உங்களுக்கும் வயது போட்டுது. உங்கை தனிய வைச்சுப் பாக்க உங்களாலை ஏலாது.”

அன்பாகத்தான் சொன்னாள். நான் ஓம் என்றேன். என்னை என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்காவுக்கு முழங்கால் நோ. அதற்கு நாளும் குளிசை விழுங்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் காது மந்தம் என்றபடியால் கிளினிக்கில் டொக்டர் பிள்ளை என்னிடம்தான் விளக்கினாள். இந்தக் குளிசை சிலருக்கு வயிற்றில் புண்ணை உண்டாக்கும், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் உள்ளே இரத்தம் போகிறது, அன்றைக்கே குளிசையை நிற்பாட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். வெளியே வந்து, சாப்பிட்ட பிறகு போடட்டாம் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். அப்போது மறைக்க நினைக்கவில்லை. பயப்படுத்த வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை, பூசுவதற்காக முகத்தைத் துடைத்தபோது திட்டுகள் முன்னைப் போல எடுப்பாகத் தெரியவில்லை. அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

“குணம், வெள்ளை மாறுது போலை கிடக்கு,” என்றார். சந்தோஷத்தில் கண்ணாடியை என் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

வெள்ளை மாறவில்லை. மற்றத் தோல்தான் வெளுத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அந்தக் கிழமையே அக்கா மலம் கறுப்பாகப் போகிறது என்று சொன்னார். முருங்கையிலை தின்றதால் இருக்கும் என்றேன். அவர் நம்பினார். அக்கா என்னை நம்பாமல் இருந்த நாள் ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

அன்றைக்கே எனக்குத் தெரியும், ஐயா. தெரியாது என்று சொன்னால் நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடும். ஆனால் அது பொய்யாகிவிடும்.

ஒவ்வொரு ஞாயிறும் தர்சிகா போனில் முகம் பார்த்துக் கதைப்பாள். நாள் முழுக்க வயது போனவர்களின் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறவள். வெளிறிய முகத்தைக் கண்டால் அடுத்த பிளேனில் ஏறிவிடுவாள். அதனால் சனிக்கிழமை நான் திட்டுகளுக்கு மட்டும் பூசாமல் முகம் முழுவதும் பூசினேன். காதுக்கும் கழுத்துக்கும் பூசினேன். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, இப்போது அப்படித்தான் பூசுகிறார்களாம் என்றேன். மறுநாள் போன் வருவதற்கு முன் உதட்டில் பீற்றூட் சாறு கொஞ்சம் தொட்டுவிட்டேன்.

தர்சிகா பார்த்துவிட்டு, “அம்மா நல்ல நிறமா இருக்கிறா. நீங்கள் நல்லாப் பாக்கிறியள், சின்னம்மா,” என்றாள்.

நான் அவளை வளர்த்த காலத்தில்கூட யாரும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கிழமை முழுக்க அதை நினைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

அடுத்த ஞாயிறு அக்கா கதைக்கும்போது மூச்சு வாங்கியது. தோட்டத்தில் மிளகாய் ஆய்ந்துவிட்டு இப்போதுதான் வந்து இருந்தவர் என்றேன். தர்சிகா உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொன்னாள். கொஞ்சம் வெளிறினது போல இருக்கிறதே என்று யோசித்தாள், பிறகு தானே லைற் வெளிச்சமாக்கும் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நான் உள்ளங்கையையும் கவனித்தேன். கிறீமை அங்கே மிக மெல்லிதாகப் பூச வேண்டும், கை சீக்கிரம் நிறத்தைப் பிடித்துவிடும். மேலால் பீற்றூட் சாறு தேய்த்தால் இரத்தம் ஓடுகிற கை போலத் தெரியும்.

குளிசையை நிற்பாட்டினீர்களா என்று கேட்பீர்கள். நிற்பாட்டவில்லை. நிற்பாட்டினால் முழங்கால் நொந்து அக்கா தர்சிகாவிடம் முறையிடுவார்.

ஒரு மத்தியானம் கிணற்றடியிலிருந்து வந்த அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

“என்னாலை ஏலாது, குணம். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.”

நான் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். “பாருங்கோ அக்கா. வருத்தக்காரற்றை முகமே இது?”

அக்கா நெடுநேரம் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“இல்லைத்தான்,” என்றார். “எனக்கு மனந்தான் சரியில்லை போலை. உன்னையும் சும்மா கரைச்சல் படுத்திறன்.”

நான் அவரைத் தூக்கிப் படுக்க வைத்தேன். பாரம் குறைந்திருந்தார். அதற்குப் பிறகு அக்கா ஆஸ்பத்திரி என்று என்னிடம் கேட்கவில்லை. ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது அடுத்த வீட்டு றஜிந்தனை வேலிக்கு மேலால் கூப்பிட்டிருக்கிறார். அவன் ஓட்டோ ஓடுகிறவன். நான் வரும்போது ஓட்டோ படலை வாசலில் நின்றது. அவவுக்கு ஒன்றுமில்லைத் தம்பி, மகளிடம் போகிற யோசனையில் அப்படிக் கதைக்கிறா என்று சொன்னேன். றஜிந்தன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அன்ரி நல்லாத்தானே இருக்கிறியள் என்று சொல்லிவிட்டு ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போனான். அவனை நீங்கள் விசாரித்தது எனக்குத் தெரியும். அவனில் பிழை இல்லை. அக்காவே அந்த முகத்தை நம்பியபோது அவன் என்ன செய்வான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை தேத்தண்ணி கொடுத்தேன். அக்கா பாதி குடித்தார். கண் இருட்டுகிறது என்று சொல்லி என் பக்கம் சாய்ந்தார். நான் பிடித்துக்கொண்டேன். மூச்சு கொஞ்ச நேரம் வந்தது, பிறகு வரவில்லை. நான் பிடித்த பிடியிலேயே இருந்தேன். அழுதேன். அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

பிறகு பார்த்தால் முகத்தில் நிறம் மங்கியிருந்தது. சனிக்கிழமைதான் பூசுகிற நாள். வாயோரத்தில் திட்டுத் தெரிந்தது, மற்ற இடமெல்லாம் கடதாசி போல இருந்தது. சொன்னவுடன் தர்சிகா போனில் முகத்தைக் காட்டச் சொல்வாள். அக்காவை அப்படி அவள் பார்க்கக் கூடாது. நான் துவாயை நனைத்துப் பிழிந்து துடைத்தேன். புருவத்துக்கும் மூக்கோரத்துக்கும் முதலில் தடவினேன். சுருக்கங்களை விரித்துப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, அவை தாமாகவே விரிந்திருந்தன. முகத்துக்குப் பூசினேன், கழுத்துக்குப் பூசினேன், கைகளுக்குப் பூசினேன். கையைக் கழுவினேன். பிறகு நிறம் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் எழும்பிப் போய்ச் சமைத்தேன். இரண்டு பேருக்குச் சமைத்தேன், அதுதான் கைக்கு வந்தது.

பின்னேரம் வரை ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நித்திரை கொள்கிற மாதிரி இருக்கிறா என்றார்கள். மாரடைப்பு என்று நான் சொன்னேன், ஒருவரும் வேறு நினைக்கவில்லை. தான் வரும்வரை வைத்திருக்கச் சொல்லித் தர்சிகா அழுதபடியால் ஆஸ்பத்திரியில் குளிரறையில் வைத்திருந்தார்கள். அவள் நேராக அங்கேதான் வந்தாள். முதலில் முகத்தைத் தடவினாள். பிறகு காலைத் தொட்டுக் கும்பிடுவதற்காகக் கால்மாட்டுக்குப் போய்த் துணியை விலக்கினாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள். ஒரு பாதத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். துணியை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

“சின்னம்மா, காலுக்கு ஏன் பூசேல்லை?”

“கால் போனிலை தெரியாதுதானே, பிள்ளை,” என்றேன்.

அவளுக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்று நினைத்திருந்தேன். அதனால்தான் அப்போதும் உள்ளதைச் சொன்னேன்.

மற்றதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. வயிற்றில் புண், அதிலிருந்து இரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று உடம்பை வெட்டிப் பார்த்த டொக்டர் சொன்னார். எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அக்காவைச் சாகவிட்டது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவரை நான் வெறுத்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு தர்சிகா என்னோடு கதைக்கவில்லை. லண்டனுக்குப் போகும்போது சொல்லிக்கொண்டும் போகவில்லை. இப்போது அவளுக்குக் கோபம், அது இருக்கத்தான் செய்யும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரு பத்து நிமிடத்துக்கு என் போனை என்னிடம் தந்தால் போதும், ஐயா. அவள் எடுப்பாள். அம்மாவைப் பற்றிக் கதைக்க இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.