உப்புத் தீவின் கடைசிப் பாகம் குறித்து

இந்த மாதம் மூன்று புத்தகங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் கூரியரில் மூலை மடங்காமல் வந்து சேர்ந்தன என்பதே முதலில் பாராட்ட வேண்டிய செய்தி.

முதலாவது ஒரு துப்பறியும் கதை. நாற்பத்தெட்டுப் பக்கத்தில் முப்பது பக்கம் துப்பறிவாளர் மழைக்கோட்டோடு நிற்கிறார். வெயில் அடிக்கும் காட்சியிலும் அவர் அதைக் கழற்றுவதில்லை. இரவல் போதும். இரண்டாவது, சிறுவர்களுக்கான சிரிப்புக் கதைத் தொகுப்பு. ஐம்பதைத் தாண்டிய நம் உறுப்பினர்கள் வழக்கம்போலப் பேரனுக்கு என்று சொல்லி முன்பதிவு செய்வார்கள். வாங்கலாம். மூன்றாவது, உப்புத் தீவு தொடரின் நான்காம் பாகம். அத்துடன் தொடர் முடிகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் திலகவதி என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். குழுவில் எல்லோரும் பார்க்கும்படி கேட்டிருக்கிறார். எல்லோரும் பார்க்கும்படி பதில் சொல்வதுதான் மரியாதை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் தில்லைநாதன். சிதம்பரத்தில் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தனி ஆள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக் காமிக்ஸ் வாசகர்களின் இந்த வாட்ஸ்அப் குழுவில் பதினோரு வருடமாகப் புது வெளியீடுகளைப் பரிந்துரைத்து வருகிறேன். பதிப்பகத்தார் எனக்கு மட்டும் ஒரு பிரதியை முன்னதாகவே அனுப்பிவிடுவார்கள். என் தீர்ப்பு மூன்றில் ஒன்றாக இருக்கும்: வாங்கலாம், இரவல் போதும், வேண்டாம். காரணம் சொல்வதில்லை. கதையைச் சொல்லக் கூடாது என்பது இந்தக் குழுவின் ஒரே சட்டம். ஒருமுறை ஒருவர் கொலைகாரன் யார் என்பதை உளறிவிட, இரண்டு உறுப்பினர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

எனக்குப் பேச்சு குறைவு. யாராவது போன் செய்து புத்தகம் எப்படி என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் தீர்ப்பைச் சொல்வேன். அது என் சுபாவம். ஆனால் நீங்கள் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தீர்கள். மௌனம் எவ்வளவு நீளமோ புத்தகம் அவ்வளவு நல்ல புத்தகம் என்று. நம் குழுவை நடத்தும் காடாம்புலியூர் அன்புமணி, முந்திரி வியாபாரத்துக்கு நடுவே, கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் மௌனத்தை அளந்திருக்கிறார். "சார் பதினஞ்சு செகண்டு பேசல மச்சான், கண்ண மூடிக்கினு வாங்கு" என்று அவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. பேசாமல் இருப்பதற்காக ஒரு மனிதனுக்கு மதிப்புக் கிடைப்பது அரிது. என் மௌனம் பெரும்பாலும் சரியாகவே அளக்கப்பட்டது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இனி கோவிந்தசாமி. உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். விஷயத்தில் அதுவும் ஒரு பகுதி.

தேவனாம்பட்டினத்துக்காரர். அப்பா கடலுக்குப் போனவர். இவர் படித்துத் தொலைபேசித் துறையில் லைன்மேன் ஆனார். சுனாமியில் அவருடைய காமிக்ஸ் புத்தகங்கள் இரண்டு டிரங்குப் பெட்டியோடு போய்விட்டன. நம் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பெட்டிகள் ஒருமுறையாவது மிதந்து போகும். எல்லோரும் கண் கலங்குவீர்கள். என் புத்தகங்கள் எதுவும் நனையவில்லை. அதைக் கேட்டு யாரும் கண் கலங்கியதில்லை. அன்புமணி அவரை மாமா என்பார். என்னை சார் என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் கூடினோம். உப்புத் தீவின் முதல் பாகம் அப்போதுதான் வந்திருந்தது. ஒரு கப்பல் தச்சனை அவன் கூட்டாளிகளே உப்பளத் தீவு ஒன்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள், அவன் ஊர் திரும்பப் பார்க்கிறான். இவ்வளவும் பின்னட்டையிலேயே இருக்கிறது, ஆகவே நான் சட்டத்தை மீறவில்லை. அந்தப் பாகத்துக்கு நான் கொடுத்த தீர்ப்பு வேண்டாம். ஏன் என்று ஒருவர் வற்புறுத்திக் கேட்டார். வழக்கத்துக்கு மாறாகக் காரணம் சொன்னேன். வரைந்தவர் கடலையே பார்த்ததில்லை, அலை படகுக்குக் குறுக்கே வருகிறது என்றேன்.

கோவிந்தசாமி கையில் வடைத் தட்டோடு எழுந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். வாடக் காத்து அடிக்கறப்ப அல அப்படித்தான் வரும். ஏன்னு கடைசி இருவது பக்கத்துல அவனே சொல்றான். நீங்க இன்னும் அங்க போவல போலருக்கு."

நான் அங்கே போகவில்லை. அது உண்மை. அந்த மாதம் எனக்குக் கண்ணில் உபத்திரவம், பாதிப் புத்தகம்தான் படித்திருந்தேன். என் கண்ணைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. "மாமா, சாருக்கே பாடம் எடுக்கிறியே" என்றார் அன்புமணி. எல்லோரும் சிரித்தீர்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். நானும் சிரித்தேன். என் சிரிப்பை யாரும் அளக்கவில்லை.

அதன் பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. என் தீர்ப்பைக் கேட்டுவிட்டு, உடனே கோவிந்தசாமிக்கும் ஒரு போன். வேறொருவரிடமும் கேட்டுப் பார்ப்பது டாக்டர் விஷயத்தில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படிக் கேட்காமல் மாதாமாதம் என்னை மட்டுமே கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் கோவிந்தசாமி. அது பணிவா அல்லது இரக்கமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், நாளுக்கு நான்கு மணி நேரம். உப்புத் தீவின் நான்காம் பாகம் எட்டு மாதம் தள்ளிப்போனது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. இதில் ஒன்றுக்கும் நான் பொறுப்பல்ல.

தை மாதத்தில் திலகவதி எனக்குப் போன் செய்தார். கோவிந்தசாமியின் ஒரே மகள், பள்ளிக்கூட ஆசிரியை. அப்பாவுக்கு அலுத்துவிட்டது, போதும் விட்டுவிடுங்கள் என்கிறார், அம்மா அழுகிறார் என்றார். கடைசியில் வீட்டில் ஒரு உடன்பாடு ஆகியிருந்தது. உப்புத் தீவு முடியும்வரை ஆஸ்பத்திரிக்குப் போவது. அந்தத் தச்சன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று தெரிந்துகொண்டபின் அவர் இஷ்டம். அதைப் படித்து முடிப்பதற்குள் இன்னொரு தொடர் அவரைப் பிடித்துக்கொள்ளும் என்பது மகளின் கணக்கு. நம் ஆட்களைத் தெரிந்தவர் போட்ட கணக்கு. தப்பே சொல்ல முடியாது.

"அங்கிள், அப்பா உங்களத்தான் கேப்பாரு. புக்கு எப்படி இருந்தாலும் சூப்பர்னு சொல்லிடுங்க. அவர வெயிட் பண்ண வெச்சிட்டா போதும்."

நான் சொல்லச் சொல்லிப் பாராட்டுகிறவன் இல்லை என்றேன். பதினோரு வருடத்தில் பதிப்பகத்தார் கேட்டும் செய்யாததை ஒரு மகள் கேட்டாள் என்பதற்காகச் செய்ய முடியாது என்றேன். பிறகு, சாரி அங்கிள் என்று சொல்லி வைத்துவிட்டார். நல்ல வளர்ப்பு.

பிரதி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. உட்கார்ந்த இடத்தில் படித்து முடித்தேன். இந்தத் தடவை எல்லாப் பக்கமும். கடைசி இருபத்து மூன்று பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. கடலும் படகும் அந்த மனிதனும் மட்டும். ஒரு இடத்தில் வடக்கே தாழ்வாக ஒரு மேகத் திட்டு தெரிகிறது. அவன் அதைப் பார்க்கிறான், துடுப்பைக் கை மாற்றுகிறான். ஏன் மாற்றுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. மூன்று தடவை திருப்பிப் பார்த்தும் புரியவில்லை. நம் குழுவில் யாருக்குப் புரியும் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. உங்கள் அளவுகோல்படி, என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல புத்தகத்தை நான் படித்ததில்லை. உங்கள் அளவுகோல் சரிதான். அது எனக்காக வரையப்பட்டது அல்ல, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கடலூர் பஸ் ஏறினேன். பையில் செய்தித்தாள் சுற்றிப் புத்தகம் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று பஸ்ஸில் முடிவு செய்துகொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கோவிந்தசாமி இளைத்துப்போய்ப் படுத்திருந்தார். கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. மோட்டார் போட்டுத் தண்ணி எறைக்கிறாங்க சார் என்று அவரே வேடிக்கை பேசினார். என் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"படிச்சிட்டீங்களா சார்? கத வேணாம். ஒரே வார்த்த."

கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். என் மௌனத்தை அளக்கத் தயாரானார்.

நான் உடனே சொன்னேன். "வேண்டாம்."

அவர் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாததுபோல. "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார். அப்புறம் இயந்திரத்தைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"அன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சார். ரெண்டு வருஷமா ஒங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

பரவாயில்லை என்றேன். மன்னிப்புக் கேட்பவரைக் காக்க வைப்பது பண்பல்ல. அதன் பிறகு நான் மௌனமாக இருந்தேன். நீண்ட நேரம் இருந்தேன். அதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார். என் பை மடியிலேயே இருந்தது.

சனிக்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாமா ரெஸ்ட் எடுக்கிறார் என்று அன்புமணி குழுவில் போட்டார். நான் படித்தேன், எனக்கு அர்த்தம் தெரிந்தது. உடன்பாடு எனக்கும் தெரியும் அல்லவா. அதற்கப்புறம் அவர் ஒன்பது நாள் உயிரோடு இருந்தார். போன் என் சட்டைப் பையில் இருந்தது. கடலூருக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. இதில் எதையும் நான் மறைக்கவில்லை. அந்த ஒன்பது நாளில் ஒருநாள்கூட நான் மறந்திருக்கவும் இல்லை. எத்தனையாவது நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் இறந்த மறுநாள், அவர் முன்பதிவு செய்திருந்த நான்காம் பாகம் பார்சலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது திலகவதி. வாழ்நாளில் ஒரு காமிக்ஸ் படித்திராத அவர், காரியங்கள் முடிந்தபின் அதைப் பிரித்துப் படித்திருக்கிறார். பிறகுதான் இங்கே எழுதினார்: "இத படிச்சிருந்தா அப்பா அடுத்ததும் கேட்டிருப்பாரு. ஏன் அங்கிள் வேணாம்னு சொன்னீங்க?"

அதன் கீழே உங்களில் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறீர்கள். இயந்திரத்தை நிறுத்தியது நான் அல்ல. ஊசியைப் பிடுங்கியதும் நான் அல்ல. காரணம் சொல்லாமல் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நீங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டது. திலகவதி என்னிடம் ஒரு பொய் கேட்டார், அதை நான் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் சொன்னது வேறொரு பொய். அது யாரும் கேட்டு வாங்காத, முழுக்க முழுக்க என் சொந்தப் பொய். ஒரு விமர்சகனின் சுதந்திரம் என்று வேறு எதைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி நேரடியானது, ஆகவே பதிலும் நேரடியாக இருக்கட்டும். ஆமாம் திலகவதி. புத்தகம் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் அவர் என்ன செய்வார் என்றும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்தப் பக்கங்களை அவர் பார்ப்பதை நான் விரும்பவில்லை. பார்த்தால் துடுப்பை ஏன் கை மாற்றினான் என்று அவருக்குப் புரிந்திருக்கும், அதை எனக்கும் பொறுமையாக விளக்கியிருப்பார், நான் நன்றி சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நான்காம் பாகம் வாங்கலாம். முன்பதிவு செய்யாதவர்கள் சீக்கிரம் வாங்கிவிடுங்கள், மறுபதிப்பு இல்லை என்கிறார்கள்.

அன்புமணி இன்று என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார். நியாயம்தான். நீங்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்வீர்கள், அவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்துக்கொள்வீர்கள், கடைசியில் உங்கள் இஷ்டப்படி வாங்குவீர்கள். இந்த இரண்டு வருடமாக அப்படித்தான் செய்திருக்கிறீர்கள். கோவிந்தசாமி ஒருவர்தான் என் பரிந்துரையை யாரிடமும் திருப்பிக் கேட்காமல் முழுதாக ஏற்று நடந்தவர். அப்படிப்பட்ட ஒரு வாசகரை இழந்ததில் உங்கள் யாரையும்விட எனக்குத்தான் நஷ்டம் அதிகம்.