அட்டைப்பெட்டிகளுக்கு ஓர் அறை

தலைமை நாற்காலியைத் தகுதியாலும் தாராளமான உடலாலும் நிரப்பியிருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முறுவல் மாறாமல் வீற்றிருக்கும் முதியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே, கடைசி வரிசையில் கதவருகே இடம்பிடித்த தீர்க்கதரிசிகளே, அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

எளிமையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். என் வீட்டைப் பார்க்காதவர்கள் எடுத்த முடிவு அது.

என் இல்லத்தில் கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. காற்று கொஞ்சும் அறை. காலை வெயில் கெஞ்சும் அறை. அதில் குடியிருப்பவர் யார்? அட்டைப்பெட்டிகள். மின்விசிறி வந்த பெட்டி, மிக்சி வந்த பெட்டி, தொலைக்காட்சி வந்த பெட்டி, இவற்றை அடுக்க வாங்கிய அலமாரி வந்த பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒன்றுமில்லை. பொருள் பழுதானால் அதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். மிக்சி மறைந்தது, பெட்டி மறையவில்லை. தொலைக்காட்சி தொலைந்தது, பெட்டி தொலையவில்லை. வீடு மாறும்போது உதவும் என்பார் என் துணைவியார். நாங்கள் இருப்பது சொந்த வீடு.

அங்கே சிரிக்கும் நீலச்சட்டைக்காரரே, உங்கள் பரணில் நான் ஏணி போட்டு ஏறியிருக்கிறேன். அமைதி காப்பது உங்களுக்கு நல்லது.

இந்நிலையில் என் அக்காவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. படியேறக் கூடாது என்றார் மருத்துவர். தம்பி வீடோ மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஆகவே அக்கா எங்களிடம் வருவதென்று முடிவானது. அறையைக் காலிசெய்ய நானும் துணைவியாரும் வீரநடை போட்டு நுழைந்தோம்.

"இந்த ஃபேன் பெட்டியைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"நல்லா கெட்டியா இருக்கே. முதல்ல உங்க ரேடியோ பெட்டியைப் போடுங்க."

"அதுல தெர்மாகோல்கூட உடையலடி."

"அப்போ என்னுது மட்டும் உடைஞ்சா கிடக்குது?"

மாலைவரை மந்திராலோசனை. வெளியேறியது ஒரு சணல் கயிறு. அதையும் நானே போய்த் திரும்ப எடுத்து வந்தேன்.

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா வாக்கரை ஊன்றி ஊன்றி வந்து, அறைவாசலில் நின்றாள். வாக்கர் நுழைய வழியில்லை.

"எனக்குக் கட்டில் எங்கேப்பா?"

"ஹால் சோபாவுல கொஞ்ச நாளைக்கு..."

"சோபா பள்ளமா இருக்கேப்பா. உக்காந்தா எந்திரிக்க முடியாது."

கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கோபிக்கவில்லை.

"இந்த முட்டிக்கு டாக்டர் பதினைஞ்சு வருஷம் வாரண்டி குடுத்திருக்காரு. பெட்டிதான் குடுக்கல. கேட்டு வாங்கியிருந்தா உன் வீட்டுல எனக்கும் இடம் கிடைச்சிருக்கும்" என்றவள், ஓட்டுநரிடம் திரும்பினாள். "பையை இறக்காதீங்க தம்பி. மூணாவது மாடிக்கே போயிடறேன்."

அன்பர்களே, எதைக் காத்துக்கொண்டிருந்தோம்? வெயில் படாமல், மழை படாமல், எலி கடிக்காமல், எதைக் காத்தோம்? வெறும் பெட்டிக்குள் இருந்த வெற்றிடத்தைக் காத்தோம். வெற்றிடத்துக்கு விரிந்த வீடு, கூடப்பிறந்தவளுக்குக் குறுகலாமா? அட்டைக்குக் கிடைத்த அறை அக்காவுக்குக் கிடைக்காமல் போகலாமா?

இந்த வினாக்களை நான் மனத்துக்குள் அழகுபடுத்திக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டி என் காதோரம் பறந்து தெருவில் விழுந்தது. எறிந்தவர் துணைவியார்.

"அண்ணி, அங்கேயே நில்லுங்க. டிரைவர், பையை இறக்குங்க. ஏங்க, வேடிக்கை பாக்காம அந்த ரேடியோ பெட்டியை எடுங்க."

எடுத்தேன். எறிந்தேன். ஓட்டுநர் ஓடிவந்தார், உதவத்தான் என்று நினைத்தேன்.

"சார், இது நல்ல பெட்டியாச்சே. நான் எடுத்துக்கட்டுமா?"

அவர் வீட்டிலும் ஓர் அறை இருக்கிறது போலும்.

எல்லாவற்றையும் துறந்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே மின்விசிறி இல்லை. ஒரு கட்டில் போட இடம் விடுங்கள். ஒருவர் உள்ளே வர வழி விடுங்கள். எளிமை என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்கா இன்று இங்கே வந்திருக்கிறாள். அவளுடைய வாக்கருக்கு வழிவிட்டு, கால்களை ஒடுக்கி, பைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மூன்றாம் வரிசைக்கு என் நன்றி. மற்ற வரிசைகளுக்கு வணக்கம்.